ஓட்டுநர் இல்லாத காரில் பல த்ரெட்டுகள், ஒரே தரவு: நம்பகமாக வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கார் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வருகிறது. உள்ளே இருந்தவரை ஜிபிஎஸ் இல்லை. சக்கரச் சுழற்சியையும், முடுக்கத்தையும் திருப்பத்தையும் அளக்கும் ஐஎம்யூ சென்சாரையும் வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தது. வெளியே வந்து ஜிபிஎஸ் கிடைத்ததும், கணக்கு கிழக்கே 3 மீட்டரும் வடக்கே 2 மீட்டரும் பிசகியிருப்பது தெரிகிறது. இடமறியும் த்ரெட் (ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) திருத்தத்தை எழுத ஆரம்பிக்கிறது: முதலில் கிழக்கு எண், அப்புறம் வடக்கு எண், பிறகு திசை, கடைசியில் நேரம். கிழக்கு எண்ணை மட்டும் எழுதி முடித்திருக்கும்போது பாதை வகுக்கும் த்ரெட் வந்து நான்கையும் படித்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் கையில் இருப்பது பழைய இடமும் இல்லை, புதிய இடமும் இல்லை. கார் ஒருபோதும் நின்றிராத ஓர் இடம்.

இரண்டு த்ரெட்டுகளின் நிரலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு வரியில்கூடத் தவறு இருக்காது. தவறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே நினைவக இடத்தை இரண்டு த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதுகிறது, நடுவே எந்த ஒழுங்கும் இல்லை என்றால் அது டேட்டா ரேஸ். சி++ மொழியின் 2011 தரம் இதற்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அரைகுறை மதிப்பு வரலாம், கம்பைலர் அந்தப் படிப்பையே தூக்கிவிடலாம், ஒன்றும் ஆகாமல் ஆறு மாதம் ஓடலாம்.

இங்கே வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி 'லாக்கை, அதாவது ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் தரவைத் தொடவிடும் பூட்டை, எங்கே போடுவது?' என்பது. நான் அதைக் கடைசியில் கேட்பேன். இந்தத் தரவு யாருடையது, எந்த நேரம் வரை அது உண்மை என்ற இரண்டுக்கும் முதலில் பதில் வேண்டும். கீழே உள்ள படிகள் சி++, லினக்ஸ், ராஸ் 2 (ரோபோ நிரல்களுக்கான மென்பொருள் தொகுப்பு) பக்கம் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. வேறு மொழியானாலும் வரிசை இதேதான்.

படி 1: பகிரும் தரவைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட் தொடும் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். யார் எழுதுகிறார், யார் படிக்கிறார், நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு பழையது வரை பொறுக்கலாம். உதாரணத்துக்கு:

காரின் இடமும் திசையும்: எழுதுவது இடமறியும் த்ரெட், நொடிக்கு 100 முறை. படிப்பது பாதை வகுப்பு, கட்டுப்பாடு, லைடார் (லேசரால் சுற்றிலும் தூரம் அளக்கும் சென்சார்) திருத்தம். 50 மில்லிநொடிக்கு மேல் பழையதானால் ஆகாது.

லைடார் புள்ளிகள்: எழுதுவது லைடார் த்ரெட், நொடிக்கு 10 முறை. படிப்பது தடை கண்டறிதல், இடமறிதல். 200 மில்லிநொடி.

வேக வரம்பு: எழுதுவது மேப் த்ரெட், சாலைப் பலகையைப் படிக்கும் கேமரா த்ரெட். படிப்பது பாதை வகுப்பு. சில நொடி.

பொறுக்கும் காலம் உங்கள் காரின் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 72 கிலோமீட்டரில் கார் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. 50 மில்லிநொடி என்றால் 1 மீட்டர். அந்த 1 மீட்டரை ஏற்க முடியுமா என்று கேட்டுப் பார்த்து எண்ணைப் போடுங்கள்.

மூன்றாவது வரியில் எழுதுபவர் இருவர் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் தொல்லை தொடங்குவது இங்கேதான். லாக் போட்டாலும் தீராது, ஏனென்றால் கடைசியாக எழுதியவர் சொன்னதே சட்டமாகிவிடும். பலகை 40 என்கிறது, மேப் 60 என்கிறது. எது நிற்கும் என்பதை, எந்தத் த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் முடிவு செய்துவிடும். ஒவ்வொருவரும் தன் பதிலைத் தன் இடத்தில் எழுதட்டும். இரண்டையும் படித்து முடிவெடுக்க மூன்றாவது ஒருவர் இருக்கட்டும். ஒரு தரவுக்கு ஒரே எழுத்தர் என்ற விதியை மட்டும் கறாராகப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

படி 2: பகிர்வதையே குறையுங்கள்

எழுதிய பிறகு மாறாத தரவை எத்தனை த்ரெட் படித்தாலும் ஆபத்தில்லை. அதனால் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் செய்து, மாற்ற முடியாதபடி அடைத்து, அதன் பாயிண்டரை (நினைவக முகவரியை) மட்டும் கைமாற்றுங்கள். லைடாரின் ஒரு சுற்றில் 1 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 16 பைட் என்று வைத்தால் 1.6 மெகாபைட். இதை ஐந்து த்ரெட்டுக்கும் நகலெடுத்துக் கொடுப்பது வீண் செலவு.

இதில் இரண்டு குழிகள் உண்டு. எத்தனை பேர் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும் ஷேர்டு பாயிண்டரின் எண்ணிக்கைக் கணக்கு பாதுகாப்பானதுதான். ஆனால் ஒரே பாயிண்டர் மாறியில் ஒரு த்ரெட் புதிய மதிப்பைப் போட, இன்னொரு த்ரெட் அதே மாறியை நகலெடுத்தால் அதுவும் டேட்டா ரேஸ்தான். சி++ 20-இல் வந்த அட்டாமிக் (பாதி மாறிய நிலை யாருக்கும் தெரியாதபடி ஒரே படியில் மாறும்) ஷேர்டு பாயிண்டரைப் பயன்படுத்துங்கள், அல்லது அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் சின்ன மியூடெக்ஸ் (லாக்கின் அடிப்படை வடிவம்) போடுங்கள். அடுத்தது, கடைசியாக யார் கையை விடுகிறாரோ அவர் தலையில்தான் நினைவகத்தை விடுவிக்கும் வேலை விழும். அந்த ஆள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஸ்டீயரிங்குக்குக் கட்டளை கொடுக்கும் கட்டுப்பாட்டு த்ரெட் என்றால் அந்தச் சுற்று தாமதமாகும். முன்கூட்டியே ஒதுக்கிய பஃபர் தொகுப்பிலிருந்து எடுத்து, திரும்ப அங்கேயே வையுங்கள்.

படிப்பவர் பக்கமும் ஒரு ஒழுக்கம் வேண்டும். பாதை வகுக்கும் சுற்று தொடங்கும்போது தேவையான எல்லாவற்றையும் ஒரே முறை எடுத்துக்கொள்ள வேண்டும்; சுற்று முடியும்வரை அதையேதான் பார்க்க வேண்டும். 'பக்கத்து லேன் காலியா?' என்று ஒரு தடைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, எவ்வளவு திரும்புவது என்பதை நடுவில் வந்த அடுத்த பட்டியலை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு படிப்பும் லாக்குக்குள் நடந்திருந்தாலும் முடிவு தப்புதான். டேட்டா ரேஸைத் தேடும் கருவியான த்ரெட் சானிடைசர்கூட இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதன் கண்ணில் இங்கே ரேஸ் எதுவும் இல்லை.

ராஸ் 2 பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நோடின் (ராஸ் 2-இல் தனியாக இயங்கும் ஒரு பகுதி) கால்பேக்குகள், அதாவது தரவு வந்ததும் அழைக்கப்படும் செயல்கள், தாமாகவே ஒரே குழுவில் விழும், ஒன்று முடிந்தபிறகுதான் மற்றொன்று ஓடும். பல த்ரெட் எக்ஸிக்யூட்டருக்கு மாறினாலும் அந்த நோடுக்குள் இது மாறாது. 'வேகம் போதவில்லையே' என்று யாராவது குழுவை, பல கால்பேக்குகள் ஒரே சமயத்தில் ஓடலாம் என்ற ரீஎன்ட்ரன்ட் வகைக்கு மாற்றினால், அதுவரை லாக் இல்லாமலே சரியாக ஓடிய நிரல் அன்றைக்கே உடையும். அந்த ஒரு வரி மாற்றத்தை ரிவ்யூவில் சும்மா விடாதீர்கள்.

படி 3: தரவுக்கு ஏற்ற கருவி

ஒற்றை எண்ணோ, ஆம்-இல்லை சொல்லும் கொடியோ என்றால் அட்டாமிக் போதும். எப்போதாவது மாறும் நடுத்தர அளவு கட்டமைப்புக்குச் சாதாரண மியூடெக்ஸ் போதும். அதற்கு மேல் சாமர்த்தியம் காட்ட வேண்டாம்.

காரின் இடம் மாதிரி சின்னதாகவும் அடிக்கடி மாறுவதாகவும் இருந்து, எழுதுபவர் ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது என்றால் சீக்லாக் பொருந்தும். லினக்ஸ் கெர்னல் தன் கடிகாரத்தை இப்படித்தான் பகிர்கிறது. தரவோடு 0-இல் தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். வேலை செய்யும் விதம் இது:

எழுதுபவர்:
எண்ணில் 1 கூட்டு, அது ஒற்றைப்படை ஆகும்
கிழக்கு, வடக்கு, திசை, நேரம் நான்கையும் எழுது
எண்ணில் 1 கூட்டு, அது இரட்டைப்படை ஆகும்

படிப்பவர்:
எண்ணைப் பார், ஒற்றைப்படை என்றால் மறுபடி முயற்சி செய்
நான்கையும் நகலெடு
எண்ணைத் திரும்பப் பார். மாறியிருந்தால் நகலைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து வா

சுரங்கப்பாதைக் காரில் இது இருந்திருந்தால், கிழக்கு எழுதி வடக்கு எழுதாத கணத்தில் எண் ஒற்றைப்படையில் நின்றிருக்கும். பாதை வகுப்பு த்ரெட் அந்த அரைகுறை இடத்தை எடுத்திருக்காது. சி++ தரத்தின்படி சரியாக இருக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் நான்கும் அட்டாமிக்காகவே இருக்க வேண்டும், எண்ணுக்கும் அவற்றுக்கும் நடுவே வரிசையைக் காக்கும் வேலிக் கட்டளைகளும் (ஃபென்ஸ்) வேண்டும். இன்னொரு அபாயம் பலருக்குத் தெரிவதில்லை. எழுதுபவர் முன்னுரிமை குறைந்த த்ரெட், பாதி எழுதும்போது சிபியூவின் அதே கோரில் முன்னுரிமை கூடிய படிப்பவர் வந்து உட்கார்ந்துகொண்டார் என்றால், படிப்பவர் சுற்றிக்கொண்டே இருப்பார், எழுதுபவருக்கு முடிக்க வாய்ப்பே வராது. மறுமுயற்சிக்கு ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் முந்தைய நல்ல மதிப்பை அதன் நேரத்தோடு பயன்படுத்துங்கள்.

பெரிய தரவு, ஒரே எழுத்தர், ஒரே வாசகர் என்றால் மூன்று பஃபர் முறை. ஒன்று எழுதுபவர் கையில், ஒன்று படிப்பவர் கையில், ஒன்று நடுவில். வேலை முடிந்ததும் நடுவில் இருப்பதோடு மாற்றிக்கொள்வார்கள். மாறுவது ஓர் அட்டாமிக் எண் மட்டும். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

படி 4: லாக் போட்டால் ஒழுங்காகப் போடுங்கள்

லாக்குக்குள் நகலெடுப்பதோடு நிறுத்துங்கள். கணக்கு, பதிவுக் கோப்பில் எழுதுவது, நினைவகம் ஒதுக்குவது, அடுத்தவர் கொடுத்த கால்பேக்கை அழைப்பது எல்லாம் வெளியே. அந்தக் கால்பேக் உள்ளே போய் வேறொரு லாக்கை எடுத்தால் டெட்லாக்குக்கு (இருவரும் ஒருவர் மற்றவருக்காகக் காத்து உறைந்துபோவதற்கு) வழி திறந்துவிடும். இரண்டு லாக் தேவைப்பட்டால் சி++ நூலகத்தின் ஸ்கோப்டு லாக்கில் ஒன்றாக எடுங்கள். அல்லது மேப் முதலில், தடைகள் பிறகு என்பது மாதிரி ஒரு வரிசையை எழுதி வைத்து எல்லோரும் அதன்படி நடங்கள்.

முன்னுரிமை தலைகீழாவது இன்னும் நுட்பமானது. இதற்கு விண்வெளியில் ஒரு பெயர்பெற்ற கதை உண்டு. 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாள்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. பாகங்களுக்கு நடுவே தரவைக் கடத்தும் தகவல் பஸ்ஸைக் கவனிக்கும் உயர்ந்த முன்னுரிமை வேலை அதற்காகக் காத்திருந்தது. அந்த நேரத்தில் நடுத்தர முன்னுரிமை வேலைகள் புகுந்து ஓடின. தாழ்ந்த வேலைக்குச் சிபியூ கிடைக்கவில்லை, அதனால் லாக்கை விடவில்லை, அதனால் உயர்ந்த வேலை நகரவில்லை. வேலைகள் நேரத்துக்கு முடிகின்றனவா என்று பார்க்கும் வாட்ச்டாக் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூமியில் இருந்த நகல் கணினியில் இதைத் திரும்ப நடத்திப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த மியூடெக்ஸுக்கு முன்னுரிமை மரபுரிமையை (லாக்கைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது) இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள்.

காரிலும் இதே நடக்கும். டேட்டா பதிவு செய்யும் த்ரெட்டும் கட்டுப்பாட்டு த்ரெட்டும் ஒரு மியூடெக்ஸைப் பகிர்ந்தால் போதும். லினக்ஸின் பிதிரெட் (சி மொழிக்கான த்ரெட் நூலகம்) மியூடெக்ஸில் மரபுரிமை தானாக இருக்காது, உருவாக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். சி++ நூலகத்தின் மியூடெக்ஸில் அதைக் கேட்கவே வழியில்லை. பிதிரெட்டைச் சுற்றி நீங்களே ஒரு உறை எழுத வேண்டும். வேலைகள் குறித்த நேரத்துக்குள் ஓட உதவும் ரியல்டைம் பேட்சுகள் 2024-இல் வந்த லினக்ஸ் 6.12 முதல் பொதுக் கெர்னலிலேயே இருக்கின்றன. அதற்காக உங்கள் மியூடெக்ஸ் தானாகத் திருந்திவிடாது.

படி 5: லேப்டாப்பை நம்பாதீர்கள்

நான் இருந்த ஒரு குழுவின் ஒரு மாதத்தைத் தின்ற பிரச்சினை இது. தடை கண்டறியும் த்ரெட் பட்டியலை எழுதிவிட்டு, 'புதுசு வந்தாச்சு' என்ற கொடியை உயர்த்தும். பாதை வகுப்பு கொடியைப் பார்த்துப் பட்டியலைப் படிக்கும். இன்டெல் லேப்டாப்பில் வாரக்கணக்கில் ஓட்டினோம், சுத்தம். காரில் இருந்த ஆர்ம் போர்டில் எப்போதாவது ஒருமுறை, கொடி உயர்ந்திருக்கும், பட்டியல் முந்தைய சுற்றினுடையதாக இருக்கும். சென்சார் மேல் சந்தேகப்பட்டோம், கேபிள் மாற்றினோம்.

காரணம் நினைவக வரிசை. இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் ஒரு கோர் செய்த இரண்டு எழுத்துகள் மற்ற கோர்களுக்கும் அதே வரிசையில்தான் தெரியும். ஆர்ம் சிப்பில் அந்த உறுதி இல்லை. பட்டியலுக்கு முன்பே கொடி தெரியலாம். படிக்கும் பக்கமும் அப்படியே முன்பின் ஆகலாம். கார்களில் இன்று பரவலாக இருக்கும் என்விடியா ஓரின் மாதிரிச் சிப்புகள் ஆர்ம் வகை. ஆக, எழுதும் இடம் ஒன்று, ஓடும் இடம் வேறு.

தீர்வு சின்னது: கொடியை அட்டாமிக் ஆக்கி, எழுதுபவர் ரிலீஸ் வகையிலும் படிப்பவர் அக்வயர் வகையிலும் அதைத் தொட வேண்டும். கொடியைப் பார்த்தவர் அதற்கு முன் எழுதியதையும் கட்டாயம் பார்ப்பார். எங்கள் நிரலில் யாரோ வோலட்டைல் என்று போட்டிருந்தார்கள். சி++-இல் அது த்ரெட்டுகளுக்கான சொல்லே இல்லை. சந்தேகம் இருந்தால் அட்டாமிக்கின் இயல்பான கண்டிப்பான வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு உறுதி தராத ரிலாக்ஸ்டு வகையைத் தேடிப் போவது, அளந்து பார்த்து அங்கேதான் நேரம் போகிறது என்று தெரிந்த பிறகு.

படி 6: நேரத்தையும் தரவோடு கட்டி அனுப்புங்கள்

அரைகுறையாகாத தரவும் பொய் சொல்லலாம், பழையதாக இருந்தால். 2005 அக்டோபரில் மொஹாவே பாலைவனத்தில் நடந்த, ஓட்டுநர் இல்லாத கார்களின் பந்தயமான டார்ப்பா கிராண்ட் சேலஞ்சில் வென்ற ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி காரிலேயே இது நடந்தது. சில இடங்களில் லேசர் தரவு ஒரு நொடிக்கும் மேல் தாமதமாகக் கணினிக்குள் வந்தது. அதனால் இல்லாத தடைகள் இருப்பதாகக் கார் நினைத்து விலகியது. ஜெயித்த காருக்கே இந்தக் கதி.

டைம்ஸ்டாம்ப் என்பது சென்சார் அந்தக் காட்சியைப் பிடித்த நேரம், உங்கள் த்ரெட் அதைக் கையில் வாங்கிய நேரம் அல்ல. வாங்கிய நேரத்தைப் போட்டால் ஷெட்யூலர் செய்த தாமதம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். கால இடைவெளி அளக்க, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தை எடுங்கள். தேதியும் மணியும் காட்டும் கணினியின் சுவர்க் கடிகாரத்தை இணையம் திருத்தும்போது அது முன்னும் பின்னும் குதிக்கலாம். பல சென்சார்கள், பல கணினிகள் என்றால் அவற்றின் கடிகாரங்களைப் பிடிபி நெறிமுறையால் ஒத்திசைக்க வேண்டும்.

நொடிக்கு 10 முறை சுழலும் லைடார் ஒரு சுற்று முடிக்க 100 மில்லிநொடி எடுக்கும். அதற்குள் நம் 72 கிலோமீட்டர் கார் 2 மீட்டர் போயிருக்கும். எனவே 'கார் இப்போது எங்கே?' என்று கேட்டுப் பயனில்லை, 'இந்தப் புள்ளியைப் பிடித்தபோது கார் எங்கே இருந்தது?' என்று கேட்க வேண்டும். கடைசி மதிப்பை மட்டும் வைக்காமல் சில நொடி வரலாற்றை வட்ட பஃபரில் வைத்து, கேட்ட நேரத்துக்கு இரண்டு பதிவுகளுக்கு நடுவே கணக்கிட்டுக் கொடுங்கள். ராஸ் 2-இல் இடமும் திசையும் காக்கும் நூலகமான டிஎஃப்2 இதைத்தான் செய்கிறது, வழக்கமாக 10 நொடி வரலாற்றோடு.

படி 7: வராத தரவுக்கும் ஒரு பதில்

த்ரெட்டுகளுக்கு நடுவே க்யூ (வந்த வரிசையில் தரவு காத்திருக்கும் இடம்) வைத்தால் அதற்கு அளவு வேண்டும். அளவில்லாத க்யூவில் தடை கண்டறிதல் கொஞ்சம் பின்தங்கினால் போதும், ஒவ்வொரு படமும் முந்தையதைவிடப் பழையதாகிக்கொண்டே போகும். பார்க்க எல்லாம் ஓடுவது மாதிரியே இருக்கும். கேமராப் படம் போன்றவற்றுக்குக் கடைசி ஒன்றை மட்டும் வைத்துப் பழையதைத் தூக்கிப்போடுங்கள். 'பிரேக் போடு' போன்ற கட்டளையைத் தூக்கிப்போடக் கூடாது. அந்த க்யூ நிரம்புவதே ஒரு கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காலியான தடைப் பட்டியல். அதற்கு என்ன பொருள்? 'பார்த்தேன், எதுவும் இல்லை' என்பதா, 'இன்னும் பார்க்கவில்லை' என்பதா? இரண்டையும் ஒரே காலிப் பட்டியலால் சொல்லும் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டறியும் த்ரெட் செத்துப்போன அன்று, சாலையே காலி என்று நம்பிக் கார் வேகமெடுக்கும். தரவு வகையிலேயே 'தெரியவில்லை' என்ற நிலையை வையுங்கள். படிப்பவர் ஒவ்வொரு முறையும் வயதைப் பார்க்க வேண்டும். படி 1-இல் எழுதிய வரம்பைத் தாண்டினால் அது தெரியவில்லை என்றே கணக்கு: வேகத்தைக் குறை, அந்த நிலை தீராவிட்டால் ஓரங்கட்டி நிறுத்து. கூடவே ஒவ்வொரு பதிவிலும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் ஒன்று இருந்தால், ஓடுகிற த்ரெட்டையும் பழையதையே திரும்பத் தருகிற த்ரெட்டையும் பிரித்துச் சொல்லலாம். வேறு கணினிக்குப் போகும் தரவுக்கு இதோடு, வழியில் தரவு கெட்டதா என்று காட்டும் சிஆர்சி சரிபார்ப்பும் சேரும். கார் மென்பொருள் தரமான ஆட்டோசாரின் இ2இ பாதுகாப்பு வரிசை எண், சிஆர்சி இந்த இரண்டையும் கொண்டதுதான்.

படி 8: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

கிளாங், ஜிசிசி இரண்டு கம்பைலர்களிலும் த்ரெட் சானிடைசர் இருக்கிறது. நிரலை 5 முதல் 15 மடங்கு மெதுவாக்கும், நினைவகத்தையும் 5 முதல் 10 மடங்கு கேட்கும். அதனால் காரில் வேண்டாம். பதிவு செய்த ஓட்டங்களைத் திரும்ப ஓட்டும் சர்வரில் தினமும் இரவில் ஓடட்டும். நினைவகப் பிழைகளைத் தேடும் அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்து ஓட்ட முடியாது, தனி பில்டு வேண்டும். அது ஓடிய பாதையில் இருக்கும் ரேஸை மட்டுமே சொல்லும், ஓடாத பாதையைப் பற்றி வாய் திறக்காது. அதற்குத் துணையாகக் கிளாங்கின் த்ரெட் பாதுகாப்புக் குறிப்புகளைச் சேருங்கள். 'இந்த மாறியை இந்த லாக் காக்கிறது' என்று எழுதிவிட்டால், லாக் இல்லாமல் தொடும் வரியைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

காரிலும் சில மலிவான சோதனைகள் எப்போதும் ஓடட்டும். திசையைக் குவாட்டர்னியனாக வைத்திருந்தால் அதன் நான்கு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். பாதி பழையது பாதி புதியது என்றால் பெரும்பாலும் 1 வராது. நேரம் பின்னோக்கிப் போகிறதா, வரிசை எண் தாவுகிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, சோதனை பில்டில் மட்டும் எழுதுபவரின் நடுவில் ஒரு தூக்கத்தைச் செருகுங்கள். இடமறியும் த்ரெட் கிழக்கு எண்ணை எழுதியதும் 5 மில்லிநொடி தூங்கட்டும், அப்புறம் வடக்கு எண்ணை எழுதட்டும். சுரங்கப்பாதை ஓட்டத்தின் பதிவை அதன்மேல் ஓட்டுங்கள். பாதுகாப்பு இல்லாத நிரலில், ஆறு மாதம் தலைகாட்டாத பிழை முதல் சில நொடிகளிலேயே எட்டிப் பார்க்கும். சீக்லாக் சரியாக இருந்தால் படிப்பவரின் மறுமுயற்சி எண்ணிக்கை மட்டும் எகிறும், வரம்பு தாண்டிய சுற்றுகளில் முந்தைய இடம் அதன் நேரத்தோடு வரும், வரைபடத்தில் கார் தன் லேனிலேயே போய்க்கொண்டிருக்கும்.